படுகளத்துத் துரியோதனன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விழாவுக்கென்று செய்யப்படும் பொருள் விழாவோடு முடிந்துபோவது இயல்பு. பந்தல் பிரிக்கப்படும், தோரணம் வாடும். மேடைக்கென்று எழுதப்பெறும் கவிதைக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். கைதட்டல் ஓய்ந்ததும் தாள் மடிக்கப்பட்டுப் பைக்குள் போய்விடுகிறது. பத்தாண்டுக் காலம் கவியரங்கும் கருத்தரங்கும் கண்ட ஓர் அமைப்பு, தன் நிறைவு விழாவில் இதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமானதே. ஒரே நாளுக்கென்று ஆக்கப்படும் ஒன்று எதனால் மதிப்புப் பெறுகிறது?

இவ்வினாவுக்கு விடை தேட நூலகத்திற்குச் செல்வதைவிட வடதமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் ஏரிக்கரைக்குச் செல்வது நலம். திரௌபதி அம்மன் விழாவின் படுகளத்தில், ஒரு காலைப்பொழுதுக்காக மட்டும், துரியோதனனின் மாபெரும் மண்ணுருவம் அமைக்கப்படுகிறது. தமிழர் ஆக்கிய கூத்துப் பொருள்களுள் அளவாற் பெரியவற்றுள் ஒன்று அது. அதன் ஆயுளோ சிறிது. அவ்வுருவமே இவ்வுரையின் பொருள்.

களமும் காலமும்

காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களை உள்ளடக்கிய பழைய தொண்டைநாட்டிலும் நடுநாட்டிலும் திரௌபதி அம்மன் வழிபாடு வேரூன்றியுள்ளது. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை இவ்வழிபாட்டின் ஆதித் தலம் என மக்கள் போற்றுவர். இந்நிலப்பகுதிக்கும் பாரதத்திற்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள கூரத்திற் கிடைத்த, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்போர்க்கு நிவந்தம் அளித்த செய்தியைக் கூறுகிறது. பாரதத்தைத் தமிழில் விருத்தப்பாவாற் பாடிய வில்லிபுத்தூராரும் இப்பகுதியினரே; அவரை ஆதரித்த வரபதி ஆட்கொண்டான் வக்கபாகையை ஆண்ட சிற்றரசன். ஆகவே, படுகளத்து மண்ணுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வாசிப்பு மரபு பின்னணியாக நிற்கிறது எனலாம்.

விழா பெரும்பாலும் பங்குனிக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்கிறது. அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும். ஏரி வற்றி வண்டல் வெளிப்பட்டிருக்கும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லியின் பாடலை இசையோடு படித்துப் பொருள் கூறுவார். விழாவின் பிற்பகுதியில் இரவுதோறும் கூத்து நடைபெறும். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று முறையாக வளர்ந்து, பதினெட்டாம் போர் ஆடப்படும் இரவு விடியும்போது கூத்து, மேடையை விட்டிறங்கித் திறந்த களத்துக்கு வந்துவிடும். அக்களமே படுகளம். தபசுக்கென்று நடப்படும் உயர்ந்த மரமும், பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் வண்டியும்கூட இவ்விழாவின் பெரும்பொருள்களே. 

மண்ணுரு அமையும் முறை

உருவம் அமைக்கும் வேலை முதல்நாளே தொடங்கும். ஏரி வண்டலும் களிமண்ணும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டப்படும். ஊரார் மண்ணைக் குவித்து நீர் தெளித்து மிதித்து இறுக்குவர். கை பழகியவர்கள் முகத்தையும் விரல்களையும் வடிப்பர். மல்லாந்து படுத்த நிலையில், முப்பது அடிக்கும் மேற்பட்ட நீளத்தில், கைகால்களைப் பரப்பியவாறு உருவம் எழும். தலையில் முடி, முறுக்கிய மீசை, விழித்த கண்கள், மார்பில் அணிகள், கையில் ஆயுதம் என்று அரசனுக்குரிய எதுவும் குறைவதில்லை. சுண்ணாம்பு, மஞ்சள், கரி, வண்ணப் பொடிகள் ஆகியவற்றால் மெய் தீட்டப்படும், மாலையும் சாத்தப்படும்.

அவ்வுருவத்தின் தொடையில் ஒரு குழி அமைத்து, செந்நீர் நிரம்பிய கலம் ஒன்றைப் புதைத்துவைப்பர். காண்போர் கண்ணுக்கு அது தெரியாது. ஆயின் அக்கலம் அங்கிருப்பதைக் களத்திலுள்ள சிறுவரும் அறிவர். அறிந்திருந்தும், அது உடையும் கணத்தில் கூட்டம் முழுவதும் அதிர்கிறது. முடிவு தெரிந்த கதையைக் கேட்டும் கண்ணீர் விடும் பழைய தமிழ்ச் சுவைஞர் மரபு இது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. இக்களத்தில் வெற்றி பெறுபவன் வீமன். வஞ்சினம் முடிப்பவள் திரௌபதி. விழாவே அவள் பெயரால் எடுக்கப்படுவது. எனினும் இவர்களுள் எவருக்கும் இத்தகைய பேருருவம் அமைக்கப்படுவதில்லை. ஊரின் மண்ணும் உழைப்பும் இரவின் உறக்கமும் தோற்பவனுக்கே செலவாகின்றன. பகைவன் சிறியனாக இருந்தால் அவள் பதின்மூன்று ஆண்டுகள் கூந்தல் முடியாதிருந்ததும் சிறிதாகிவிடும். அவள் பட்ட அவமதிப்பின் அளவை ஊர் மண்ணால் அளந்து காட்டுகிறது என்றும் அவ்வுருவத்தைக் கொள்ளலாம்.

ஒருவனுக்கு இரண்டு உடல்

விடியலில் மத்தளமும் முகவீணையும் முழங்க, இரவெல்லாம் ஆடிய களைப்போடு கூத்தர் களம் புகுவர். இப்போது துரியோதனன் இருவனாகிறான். ஒருவன் கிரீடமும் புயக்கட்டையும் அணிந்து நின்று வசனம் பேசுபவன். மற்றவன் பேச்சின்றிக் கிடப்பவன். ஆடும் துரியோதனன் கிடக்கும் துரியோதனன்மீது ஏறுகிறான். அவன் மார்பின்மேல் நின்று அறைகூவுகிறான். வீமன் துரத்த, அவ்வுருவத்தைச் சுற்றி ஓடுகிறான். தன் பிணத்தின் மேலேயே ஒருவன் போரிடும் காட்சி அது. அவன் மரணம் தொடங்குமுன்பே அங்கு கிடக்கிறது. அதைக் காணாதவன் அவன் ஒருவனே. நாடக முரண் என்று பாடநூல்கள் விளக்கும் உத்தி, இங்கு விளக்கமே வேண்டாத வகையில் கண்முன் நிகழ்கிறது.

கண்ணன் குறிப்புக் காட்டுகிறான். வீமன் தண்டாயுதத்தால் தொடையை அடிக்கிறான். கலம் உடைந்து செந்நீர் பெருகுகிறது. கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழ் அடிப்பது முறையன்று என்பதைக் கதை மறைப்பதில்லை, களமும் மறைப்பதில்லை. திரௌபதி வருகிறாள். சில ஊர்களில் வேடம் புனைந்த கூத்தர். சில ஊர்களில் அம்மன் திருமேனியே எழுந்தருளும். அச்செந்நீரைத் தொட்டுக் கூந்தல் முடிக்கப்படுகிறது. பகைவனின் விலாவெலும்பைச் சீப்பாகவும் குடலைப் பூச்சரமாகவும் கொண்டு அவள் கூந்தல் முடித்தாள் என்று கூத்து மரபு கூறும். அன்று மாலை தீமிதி நிகழும்.

ஆனால் கூந்தல் முடிப்புக்கும் தீமிதிக்கும் இடையில் இன்னொன்று உண்டு. அது ஒப்பாரி.

இரு நூல்கள் நின்ற இடம்

துரியோதனனின் மனைவியாகக் கூத்து மரபு கூறும் பெருந்திருவாளோ, தாய் காந்தாரியோ களம் வந்து, வீழ்ந்த மண்ணுருவத்தின் தலைமாட்டில் அமர்ந்து புலம்பும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. சற்று முன்பு குலவையிட்ட கூட்டம் இப்போது அழுகிறது. ஊர்ப் பெண்களும் ஒப்பாரியிற் கலந்துகொள்வர். அவர்கள் அழுவது துரியோதனனுக்காகத்தானா, தத்தம் வீட்டில் இறந்தவர்க்காகவா என்பதைப் பிரித்துக் காண இயலாது. அதைப் பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

இவ்விடத்தில் இரு பெருங்காப்பியங்களை நினைவுகூர்தல் வேண்டும். பாரதியாரின் பாஞ்சாலி சபதம் முதற்பாகம் 1912இலும், இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப்பின் 1924இலும் வெளிவந்தன. அக்காப்பியம் சபதத்தோடு நிறைவெய்துகிறது. அது நிறைவேறும் களத்திற்குப் பாரதியார் செல்லவில்லை. அடிமைப்பட்ட நாட்டின் கவிஞருக்குச் சபதமே அன்று வேண்டியதாக இருந்தது. வில்லிபாரதமோ களத்தைக் கடந்து சௌப்திக பருவத்தோடு, பத்தாம் பருவத்தில் முடிகிறது. வடமொழிப் பாரதத்தில் அதற்கடுத்து வருவது, மகளிர் களத்தில் புலம்பும் ஸ்திரீ பருவம். வில்லியில் அது தனிப்பருவமாக இடம்பெறவில்லை. பதினெட்டுப் பருவங்களையும் தமிழில் நிறைவுசெய்ய, பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வர வேண்டியிருந்தது.

ஒரு நூல் வஞ்சினத்தோடு நிற்கிறது. மற்றொன்று வெற்றியோடு நிற்கிறது. வஞ்சினம், வெற்றி, இரங்கல் ஆகிய மூன்றையும் ஒரே உடலின்மீது, ஒரே காலையில் நிகழ்த்திக் காட்டுவது ஊர் மக்களின் படுகளம். ஏட்டில் விடுபட்ட பருவத்தை மண்ணில் எழுதிக்கொண்டவர்கள் அவர்கள். படிக்கத் தெரியாதவர்களின் சடங்கு என்று இதனை ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. ந. முத்துசாமி போன்றோர் கூத்தின் நாடகப் பெருமையை எழுதியபின், 1970களிலிருந்து இலக்கிய உலகின் பார்வை மெல்ல மாறியது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988இலும் 1991இலும் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார்.

எனினும் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பெண்ணின் அவமதிப்பையும் பெண்ணின் அழுகையையும் மையமாகக் கொண்ட இக்கலையில், திரௌபதியாகவும் காந்தாரியாகவும் வேடம் புனைந்தவர் மரபுப்படி ஆடவரே. பெண்களின் இடம் களத்தின் ஓரத்திலிருந்து ஒப்பாரியிற் கலந்துகொள்வதோடு நின்றது. காஞ்சிபுரத்தை அடுத்து 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுமியரும் சிறுவரோடு பயின்று ஆடினர். அவ்வகையில் ஒரு வாயில் திறந்தது. திரௌபதியின் வஞ்சினத்தைப் பெண்குரலே உரைப்பது கேட்கக் கிடைத்தது சிறிய மாற்றம் அன்று.

தோற்றவன் பெயரால்

தோற்றவனைப் பெரிதாக்கும் இம்மரபு நாட்டுப்புறத்திற்கு மட்டும் உரியதா? தமிழ்ப் புலமை மரபிலும் இதற்கு வலுவான சான்றுகள் உள்ளன.

பரணி என்னும் சிற்றிலக்கியம் வென்றவன் புகழ் பாடுவது. ஆயினும் நூலின் பெயர் தோற்றவர் பெயரால் அமைதல் மரபு. குலோத்துங்க சோழனின் வெற்றியைச் செயங்கொண்டார் பாடினார். நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. தக்கனின் வேள்வி அழிந்ததை ஒட்டக்கூத்தர் பாடினார், அது தக்கயாகப்பரணி. வென்றவனின் பெயர் கல்வெட்டிலும் மெய்க்கீர்த்தியிலும் வாழும். தோற்றவனின் பெயரை நூல் சுமக்க வேண்டும் என்று அப்பாட்டியல் முறை கருதியது போலும்.

களவழி நாற்பது இன்னும் நுட்பமான சான்று. சோழன் செங்கணானின் களவெற்றியை நாற்பது வெண்பாக்களாற் புகழ்வது அந்நூல். ஆனால் சோழனிடம் சிறைப்பட்ட சேரன் கணைக்கால் இரும்பொறையை மீட்பதற்காகவே பொய்கையார் அதனைப் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. அச்செய்தியை ஏற்றுக்கொண்டால், வென்றவன் அவையில் பாடப்பெற்ற ஒரு விழாக்கவிதை, தோற்றவனின் உயிருக்காகப் பாடப்பெற்றது ஆகிறது. புகழுரை என்று தோன்றும் நூலின் உள்ளே ஒரு விண்ணப்பம் புதைந்துகிடக்கிறது.

பறம்பை மூவேந்தரும் வென்றனர். அவ்வெற்றியை அவர்கள் எவ்வாறு கொண்டாடினர் என்பது தமிழ் மாணவர் எவருக்கும் தெரியாது. பாரி மகளிர் பாடிய கையறுநிலைப் பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. அதனை அறியாத மாணவர் இல்லை. தந்தையும் குன்றும் இழந்த இரு பெண்களின் சிலவரிகள் மூன்று பேரரசுகளின் வெற்றிமுரசைக் கடந்து வந்துள்ளன. படுகளத்தில் அழும் காந்தாரிக்கும் அம்மகளிருக்கும் இடையே உள்ள உறவு, நூலுறவு அன்று, நிலத்துறவு.

ஆகவே, மண்ணுருவத்தைச் செய்யும் ஊராரும் பரணி பாடிய புலவரும் அறிந்திருந்த உண்மை ஒன்றே: எதிரில் நிற்பவனுக்கு முழுவடிவம் தராமல் களத்தைப் பாட இயலாது.

கோயில் வாயில்

இவ்வளவு பெருமையும் கூறியபின், இக்களத்தின் இன்னொரு பக்கத்தைக் கூறாது விடுதல் நேர்மையாகாது.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி என்னும் ஊரிலுள்ள தர்மராசா திரௌபதி அம்மன் கோயிலில், 2023 ஏப்ரலில் விழாவின்போது உள்ளே சென்ற ஆதிதிராவிட இளைஞர் தாக்கப்பட்டார். பூசல் வளர்ந்து, அவ்வாண்டு சூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் கோயில் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில், காவலர் பாதுகாப்புடன், ஆதிதிராவிட மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர்.

அவையில் இழுத்துவரப்பட்டு, நீதி கேட்டு, மூத்தோரின் மௌனத்தையே விடையாகப் பெற்றவள் திரௌபதி. அவளைத் தெய்வமாகக் கொண்ட கோயிலின் வாயிலில் ஊராரில் ஒரு பகுதியினர் ஈராண்டுக் காலம் நின்று நீதி கேட்க வேண்டியிருந்தது. மண்ணால் ஆன பகைவனுக்கு முப்பதடி நிலம் விட்டுக்கொடுக்கும் ஒரு பண்பாடு, உடன் வாழும் மனிதனுக்கு ஒருவர் நிற்கும் இடத்தை மறுக்குமாயின், படுகளத்தின் பொருளை அது மறந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். இது ஓர் ஊரைப் பழிக்கும் கூற்று அன்று. விழாவில் காட்டும் பெருந்தன்மை மறுநாளும் நீடிக்கிறதா என்னும் வினா எல்லா ஊருக்கும் எல்லா மேடைக்கும் பொதுவானது. சமத்துவம் பாடும் கவியரங்க மேடைக்கும் அது பொருந்தும்.

கவிஞர்க்கு

படுகளம் முடிந்தபின் அம்மண்ணுருவம் காவல் காக்கப்படுவதில்லை. அருங்காட்சியகத்திற்கும் அது செல்வதில்லை. மக்கள் ஆளுக்கொரு பிடி மண் எடுத்துச் செல்கின்றனர். நெற்குதிரிலும் மாட்டுத்தொழுவத்திலும் வயலிலும் இட்டால் விளைவு பெருகும் என்பது நம்பிக்கை. அரசனாகக் கிடந்த மண் அன்று மாலைக்குள் பல வீடுகளின் மண்ணாகிவிடுகிறது. எஞ்சியதை அடுத்த மழை கரைத்துவிடும். அடுத்த விழாவுக்கு மீண்டும் ஏரியில் இறங்கி மண் வெட்ட வேண்டியதுதான்.

விழாக்கவிதை நிலைக்குமா என்று கவிஞர் கவலையுறுவது இயல்பே. படுகளம் அவ்வினாவைச் சற்றே மாற்றி அமைக்கிறது. மண்ணுருவத்தை ஆக்கியவர்களில் எவரும் அது நிலைக்க வேண்டும் என்று விரும்பவில்லை. அதனால் அவர்கள் கை ஓய்ந்துவிடவும் இல்லை. மீசையின் ஒரு முறுக்கும் குறைக்கப்படவில்லை. நண்பகலில் அழியப்போகும் முகத்திற்கு விடியற்காலையில் கண் தீட்டும் கைக்கு இருக்கும் அக்கறை, ஒருநாள் மேடைக்கென்று பாட்டெழுதும் கைக்கும் வேண்டும். இரண்டாவதாக, யாரைப் பாடுகிறோமோ அவரை மட்டுமன்றி, யாருக்கு எதிராகப் பாடுகிறோமோ அவருக்கும் முழு உருவம் தருதல் வேண்டும். சிறிய பகைவனை வைத்துப் பெரிய பாட்டு எழுதியவர் இல்லை. மூன்றாவதாக, கேட்டவர் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு பிடியேனும் அதில் இருத்தல் வேண்டும்.

இவ்வட்டத்தின் பத்தாண்டுக் காலக் கவியரங்குகளில் பாடப்பெற்றவற்றுள் எத்தனை இம்மலரில் அச்சேறின, எத்தனை ஏறாமல் விடுபட்டன என்பது பெரிதன்று. கேட்டவர் ஒருவர் தம் நெற்குதிரில் இட்டுவைத்திருக்கும் வரி ஒன்று எங்கேனும் இருக்கக்கூடும். அதனைப் பாடியவரே மறந்திருக்கவும் கூடும். அத்தகைய வரிகளுக்காக இவ்வட்டம் மேலும் பல ஆண்டுகள் கூடட்டும். அதன் களம் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும்.